பூப்போட்ட ஸ்கீ வேண்டாம், நீளமான ஸ்கீ கொடுங்கள்

வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஆழமான புதுப்பனியைப் பற்றித்தான். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து ஒரே கேள்வியாக்கியிருக்கிறேன். தன் கடிதத்தைக் காணோமே என்று யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: அக்கா, மூன்று பருவமாக ஸ்கீ பழகுகிறேன். எடை 60 கிலோ. என் ஸ்கீயின் இடை அகலம், அதாவது நடுவில் குறுகும் இடத்தின் அகலம், 84 மி.மீ. நன்றாகப் பனி கொட்டிய நாளில் முழங்கால் வரை புதைந்து பாதி நாளை விழுவதிலும் எழுவதிலும் கழித்தேன். பொடிப்பனிக்காகப் பெண்களுக்கென்று வரும் அகலமான பவுடர் ஸ்கீயை ஒரு நாள் வாடகைக்கு எடுத்துப் பார் என்கிறாள் தோழி. நீங்கள் முயன்று பார்த்ததுண்டா? உண்மையிலேயே வித்தியாசம் தெரியுமா?

பதில்: தெரியும். ஆனால் எனக்கு அது தெரிய அன்று மதியம் ஆகிவிட்டது. அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன், உங்களுக்குக் காலையிலேயே தெரியட்டும்.

நானும் பல வருடம் அகல ஸ்கீயைக் கிண்டல் செய்துகொண்டிருந்த ஆள்தான். என்னுடையது 86 மி.மீ. இடை, 158 செ.மீ. நீளம். என் உயரமும் அதே 158, எடை 58 கிலோ. ஒரு நாள் இரவோடு இரவாக நாற்பது சென்டிமீட்டர் விழுந்துவிட்டது. காலையில் கார் எங்கே, குப்பைத் தொட்டி எங்கே என்று தெரியவில்லை. சரி, இன்றைக்காவது பார்த்துவிடலாம் என்று வாடகைக் கடைக்குப் போனேன்.

கடையில் இருந்த பையன் என்னை மேலிருந்து கீழ் வரை ஒரு பார்வை பார்த்தான். என்ன ஓட்டுவீர்கள், எத்தனை வருடமாக என்று ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே போய், ஊதா நிறத்தில் பூப்போட்ட ஒரு ஜோடியைக் கொண்டுவந்து வைத்தான். 112 மி.மீ. இடை, 156 செ.மீ. நீளம். "இது பெண்களுக்கானது, சுலபமாகத் திரும்பும்" என்றான். வரிசையில் பின்னால் பத்துப் பேர் நின்றார்கள். வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டேன். தவறு என்னுடையதும்தான்.

முதல் இரண்டு ஓட்டமும் ஏமாற்றம். ஸ்கீ மிதந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் கொஞ்சம் வேகம் பிடித்ததும் முன்முனை பனிக்குள் மூக்கை நுழைக்கும். நான் பயந்து பின்னால் சாய்வேன், தொடை எரியும். இரண்டாவது ஓட்டத்தின் நடுவில் தலைக்குப்புற விழுந்து, கழுத்துப் பட்டிக்குள் பனி போய், முதுகு வழியாக இறங்கியது. இதற்கு என் பழைய ஸ்கீயே போதுமே என்றுதான் தோன்றியது.

மலைமேல் ஏற்றிவிடும் நாற்காலி லிஃப்டில் போகும்போதுதான் காலடியில் தொங்கிக்கொண்டிருந்ததை ஒழுங்காகப் பார்த்தேன். பூட்ஸுக்கு முன்னால் இருந்த ஸ்கீ ரொம்பக் குட்டை. மேலே இறங்கியதும் ஓர் ஓரமாக நின்று இரண்டையும் கழற்றி, அடிப்பாகத்தை அடிப்பாகத்தோடு ஒட்டிப் பிடித்தேன். இதை நீங்களும் செய்து பாருங்கள், கடையிலேயே செய்யலாம். சாதாரண ஸ்கீ என்றால் முனைக்குப் பக்கத்தில் ஒட்டும், நடுவில் விலகி நிற்கும். அந்த நடு வளைவைத்தான் கேம்பர் என்கிறார்கள். பவுடர் ஸ்கீயில் முனையிலிருந்து வெகுதூரம் உள்ளே வந்தபிறகுதான் இரண்டும் ஒன்றையொன்று தொடும். வாய் பிளந்த முதலை மாதிரி இருக்கும். அதுதான் ராக்கர். முனை முன்கூட்டியே மேலே வளைந்திருப்பதால் பனிக்குள் குத்தாமல் மேலேறுகிறது. ஆனால் அதற்காகத் தரையைத் தொடும் நீளத்தில் ஒரு பகுதியை இழக்கிறோம். 156 என்று எழுதியிருந்தாலும் கெட்டிப் பனியில் அது குழந்தை ஸ்கீ போல நடந்துகொள்ளும். அதனால்தான் ராக்கர் அதிகமுள்ள ஸ்கீயை வழக்கத்தைவிட நீளமாக எடுக்கச் சொல்கிறார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியாத விஷயமில்லை. வரிசையில் பத்துப் பேர் நின்றதில் மறந்துவிட்டது.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. ஸ்கீயின் பக்கவாட்டில் பூட்ஸின் நடுப்பகுதி எங்கே வரவேண்டும் என்று ஒரு கோடு இருக்கும். வாடகை ஸ்கீயில் பைண்டிங், அதாவது பூட்ஸை ஸ்கீயோடு பிணைக்கும் பகுதி, ஒரு தண்டவாளத்தின்மேல் முன்னும் பின்னும் நகரும். என்னுடையது அந்தக் கோட்டுக்கு இரண்டு சென்டிமீட்டர் முன்னால் நின்றது. ஏற்கெனவே குட்டை ஸ்கீ, அதிலும் முன்னால் தள்ளி நிற்கிறேன். முனை மூழ்காமல் என்ன செய்யும்?

கீழே வந்து கடைக்குள் போய், இந்த முறை வாயைத் திறந்தேன். "பூப்போட்டது வேண்டாம் தம்பி, நீளமானது கொடு." அதே மாடலில் 168 இருந்தது. (அதிலும் பூ இருந்தது, அது வேறு விஷயம்.) பைண்டிங்கைக் கோட்டிலிருந்து ஒரு சென்டிமீட்டர் பின்னால் வைக்கச் சொன்னேன். பையன் ஒரு மாதிரியாகப் பார்த்தான், ஆனால் வைத்துக் கொடுத்தான்.

அதற்கப்புறம் நடந்ததைச் சொன்னால் மிகைப்படுத்துகிறேன் என்பீர்கள். மரங்களுக்கு அந்தப் பக்கம் யாரும் தொடாத ஒரு சரிவு மிச்சமிருந்தது. முதலில் என்னைத் தொட்டது சத்தமின்மை. கெட்டிப் பனியில் ஸ்கீ எப்போதும் கரகரவென்று பேசிக்கொண்டே வரும். இங்கே ஒன்றுமில்லை, காது அடைத்துக்கொண்டதோ என்று நினைத்தேன். பழைய ஸ்கீயில் முழங்கால் வரை புதையும் இந்த மாதிரிப் பனியில் கணுக்காலுக்குச் சற்று மேலேதான் புதைந்தேன். திரும்பவேண்டும் என்று நினைத்து இரண்டு காலையும் சேர்த்து மெல்ல அழுத்தினால், கீழே பனி இறுகி, திருப்பித் தள்ளுகிறது. அந்தத் தள்ளலில் உடம்பு லேசாகும் ஒரு கணத்தில் ஸ்கீ தானாகத் திரும்புகிறது. அப்புறம் மறுபடி அழுத்து, மறுபடி லேசாகு. மூச்சும் அதே தாளத்துக்கு வந்துவிட்டது. பதினைந்து திருப்பம் இருக்கும். கீழே நின்று திரும்பிப் பார்த்தால், யாரோ பெரிய எஸ் எழுத்துகளைக் கோத்து எழுதிவைத்த மாதிரி என் தடம்.

ஏன் இப்படி? கணக்கு எளியது. என் பழைய ஸ்கீயின் சராசரி அகலம் சுமார் 10 செ.மீ., நீளம் 158. புதியதின் சராசரி அகலம் பன்னிரண்டரைக்குப் பக்கம், நீளம் 168. பெருக்கிப் பாருங்கள், பரப்பு மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. புதுப்பனி என்பது பெரும்பாலும் காற்றுதான். காய்ந்த பொடிப்பனியில் ஒரு கன மீட்டர் 50 முதல் 100 கிலோ வரை இருக்கும், அதே அளவு தண்ணீர் ஆயிரம் கிலோ. இவ்வளவு லேசான ஒன்றின்மேல் நிற்க வேண்டுமென்றால் காலடி அகலமாகத்தான் இருக்க வேண்டும்.

ஆனால் இதே கணக்கில் உங்களுக்கு ஒரு சலுகையும் இருக்கிறது, கடைக்காரர்கள் அதைச் சொல்வதில்லை. மிதப்பு உங்கள் எடையைப் பொறுத்தது. தொண்ணூறு கிலோ ஆள் 118 மி.மீ. ஸ்கீயில் நிற்பதைவிட, அறுபது கிலோ உள்ள நீங்கள் 104-இல், 165 செ.மீ. நீளத்தில் நின்றால் கிலோவுக்குக் கிடைக்கும் பரப்பு கூடுதல். ஆகவே 'பவுடர் என்றால் 115-க்குக் கீழே பேச்சே இல்லை' என்று உங்களிடம் யாராவது சொன்னால், அவர் எடை என்ன என்று கேளுங்கள்.

சாயங்காலக் கதையையும் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் பாதி உண்மைதான். மதியம் இரண்டு மணிக்கெல்லாம் எல்லாச் சரிவும் உழுத வயல் மாதிரி ஆகிவிட்டது. கடைசியாக வீடு திரும்பும் பாதையோ மிதிபட்டு இறுகி, அங்கங்கே வழவழவென்று இருந்தது. அங்கே இந்த அகல ஸ்கீ ஒரு பாரம். எட்ஜ், அதாவது ஸ்கீயின் ஓரத்தில் ஓடும் உலோக விளிம்பு, பாதத்தின் நடுவிலிருந்து வெகுதூரத்தில் இருக்கிறது. அதைச் சாய்த்துக் கடிக்க வைக்கவும், கடித்தபின் அப்படியே பிடித்திருக்கவும் கணுக்காலும் முழங்காலும் கூடுதலாக உழைக்க வேண்டும். எனக்கு இடது முழங்காலில் பழைய காயம். அன்று ராத்திரி மாடிப்படியில் பக்கவாட்டாக இறங்கினேன்.

முழங்காலில் வம்பு உள்ளவர்கள் காலையில் அகலமானதை எடுத்து, மதியம் கடையில் கொடுத்துவிட்டுத் தங்கள் ஸ்கீக்கு மாறிக்கொள்ளுங்கள். இடையில் மாற்றத் தருகிறார்களா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

கேள்வி: 'பெண்கள் ஸ்கீ' என்பது உண்மையில் ஏதாவது உண்டா, அல்லது ஆண்கள் ஸ்கீக்கு வேறு பெயிண்ட் அடித்து விற்கிறார்களா?

பதில்: இரண்டும் உண்டு. கோபம் வரவேண்டிய அளவுக்கு இரண்டாவது உண்டு.

பல நிறுவனங்கள் ஒரே அச்சில் வார்த்து, இரண்டு பெயரில் விற்கின்றன. சில மாடல்களில் உள்ளே இருக்கும் மரக்கட்டையை லேசான வகைக்கு மாற்றுவார்கள், உலோகத் தகட்டைக் குறைப்பார்கள், குட்டையான நீளங்களையும் சேர்ப்பார்கள். இன்னும் சிலவற்றில் மேல் படத்தைத் தவிர எதுவும் மாறுவதில்லை. ஸ்கீக்கு யார் ஏறி நிற்கிறார்கள் என்று தெரியாது. எத்தனை கிலோ, எவ்வளவு வேகம், எங்கே அழுத்துகிறார்கள் என்பதுதான் தெரியும். ஆணாகப் பிறந்த ஐம்பத்தைந்து கிலோ ஆளுக்குப் 'பெண்கள்' ஸ்கீ கச்சிதமாக இருக்கும். எண்பது கிலோவில் பாய்ந்து ஓட்டும் பெண்ணுக்கு அதே ஸ்கீ நூடுல்ஸ்.

ஆனாலும் இதற்குப் பின்னால் உண்மையான ஒரு சிந்தனை உண்டு, அதையும் மதிக்க வேண்டும். அமெரிக்காவில் ஜீனி தோரன் என்ற பெண்மணி பல ஆண்டுகள் இதைச் சொல்லிவந்தார். பெண்களின் உடல் அமைப்பில் எடை கொஞ்சம் கீழேயும் பின்னாலும் விழுகிறது, அதனால் பைண்டிங்கை முன்னால் நகர்த்தினால் ஸ்கீயைத் திருப்புவது சுலபமாகும் என்பது அவர் வாதம். பெண்கள் மாடல்கள் பலவற்றில் நிற்கும் கோடு முன்தள்ளி வந்ததில் அவர் பங்கு பெரியது. கெட்டிப் பனியில் நான் இதை ஒப்புக்கொள்கிறேன், என் சொந்த ஸ்கீயில் ஒரு சென்டிமீட்டர் முன்னால்தான் நிற்கிறேன். ஆனால் ஆழப் பனியில் முன்னால் நின்றால் முனை மூழ்கும். என் முதல் இரண்டு ஓட்டம் அதற்குச் சாட்சி. ஆக அந்தக் கோடு பெண்ணுக்கானதா ஆணுக்கானதா என்பதைவிட, இன்றைக்கு என்ன பனி என்பதுதான் கேள்வி.

மாடல் பெயர் கேட்டு நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். ஆர்மடா டிரேஸ் 108, நோர்டிகா சாண்டா ஆனா 110, ஐஸ்லாண்டிக் மெய்டன் 111, இதிலெல்லாம் பெயரில் இருக்கும் எண்ணே கிட்டத்தட்ட இடை அகலம், மில்லிமீட்டரில். பிளிசார்ட் ஷீவா 11 மட்டும் கொஞ்சம் ஏமாற்றும், அதன் இடை 112. பெயரை விட்டுவிட்டு ஸ்கீயின்மேல் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். 140-112-130 என்று மூன்று எண் இருக்கும். முன்முனை, இடை, பின்முனை. பக்கத்தில் ஆரம் என்று மீட்டரில் ஒன்று இருக்கும். அது சிறிதாக இருந்தால் குறுகலாகத் திரும்பும், பெரிதாக இருந்தால் நீண்ட வளைவு. அப்புறம் முனையைக் கையால் பிடித்து வளைத்துப் பாருங்கள். ஆழப் பனிக்கு முனை கொஞ்சம் இளகிக் கொடுக்க வேண்டும், காலடிப் பகுதி கொடுக்கக் கூடாது. ரெண்டு மூன்று ஜோடியை இப்படி வளைத்துப் பார்த்தாலே கைக்குப் பழகிவிடும்.

கேள்வி: இவ்வளவு அகலமான ஸ்கீயை முதலில் செய்தது யார்?

பதில்: 1980-களின் கடைசியில் அடாமிக் நிறுவனத்தின் பொறியாளர் ரூப்பர்ட் ஹூபர். ஸ்னோபோர்டு ஒன்றை நீளவாக்கில் இரண்டாக அறுத்தால் என்ன என்பதில் தொடங்கிய யோசனை அது. ஆரம்பத்தில் ஹெலிகாப்டரில் போய்ப் பனியில் திணறிய விருந்தாளிகளுக்குத்தான் மாட்டிவிட்டார்கள். கெட்டிக்காரர்கள் அதைக் கிழவர் ஸ்கீ என்று ஏளனம் செய்தார்கள். அப்புறம் வந்தவர் ஷேன் மெக்காங்கி என்ற ஸ்கீ வீரர். 1996-இல் அர்ஜெண்டினாவின் லாஸ் லெனியாஸில் ஒரு பாரில் உட்கார்ந்து காகிதக் கைக்குட்டையில் படம் போட்டார். ஆழப் பனி கெட்டித் தரை மாதிரி இல்லை, தண்ணீர் மாதிரி, ஆகவே ஸ்கீயும் தண்ணீருக்கானது போல இருக்கட்டும் என்பது அவர் எண்ணம். நிரூபிக்க, அலாஸ்காவில் நீர்ச்சறுக்கு ஸ்கீயிலேயே பைண்டிங் பொருத்தி மலையிலிருந்து இறங்கிக் காட்டினார். 2002-இல் வோலன்ட் நிறுவனம் ஸ்பாட்சுலா என்ற பெயரில் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நடுவில் அகலமாகவும் முனைகளில் குறுகலாகவும், வாழைப்பழம் மாதிரி இரண்டு பக்கமும் மேலே வளைந்தும் இருக்கும். உங்கள் காலடியில் இருக்கும் ராக்கர் அந்தக் கைக்குட்டையின் பேரப்பிள்ளை.

கேள்வி: ஆழப் பனியில் பின்னால் சாய்ந்து ஓட்ட வேண்டும் என்று என் கணவர் சொல்கிறார். அவர் முப்பது வருடமாக ஓட்டுகிறார். எனக்கோ பத்து நிமிடத்தில் தொடை நடுங்குகிறது.

பதில்: அவர் முப்பது வருடத்துக்கு முன்னால் கற்றார், அதுதான் விஷயம். அன்றைய ஸ்கீ குறுகல், நீளம் இரண்டு மீட்டர், முனையில் ராக்கர் கிடையாது. பின்னால் சாயாவிட்டால் மூழ்கும். இன்றைய ஸ்கீயில் முனை தானே மேலே வருகிறது. நடுவில் நில்லுங்கள், கணுக்கால் மடங்கியிருக்கட்டும், கணைக்கால் பூட்ஸின் நாக்கை லேசாகத் தொட்டபடி இருக்கட்டும். கெட்டிப் பனியில் வெளிக்காலில் எடை போடுவோம் அல்லவா, இங்கே அப்படிப் போட்டால் அந்தக் கால் மட்டும் கீழே போய்விடும், மற்றது மேலே நிற்கும், நீங்கள் நடுவில் பிளந்து நிற்பீர்கள். இரண்டு காலிலும் சமமாக, கால்களைக் கொஞ்சம் நெருக்கி.

அதைவிட முக்கியம் வேகம். மெதுவாகப் போனால் எந்த ஸ்கீயும் மூழ்கும். ஆரம்பத்தில் நேராகக் கீழ்நோக்கி விட்டு, ஸ்கீ மேலே எழும்பும் வரை ஒன்று, இரண்டு, மூன்று என்று மனசுக்குள் எண்ணுங்கள். எண்ணி முடிப்பதற்குள் திரும்பாதீர்கள். பயமாகத்தான் இருக்கும். நானும் முதலில் சத்தமாகவே எண்ணினேன், லிஃப்டில் போனவர்கள் சிரித்தார்கள்.

உங்கள் வீட்டுக்காரரிடம் நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம். அவரையும் ஒரு நாள் புது ஸ்கீயில் ஏற்றிவிடுங்கள்.

கேள்வி: விழுந்ததும் ஒரு ஸ்கீ காணாமல் போய்விட்டது. முக்கால் மணி நேரம் தேடினேன். எங்கே தேடுவது? கிடைத்தபின் மாட்டவும் முடியவில்லை, 'க்ளிக்' என்ற சத்தமே வரவில்லை.

பதில்: பாவம். என் சாதனை முப்பத்தைந்து நிமிடம்.

எல்லோரும் செய்யும் தவறு, தாங்கள் உருண்டு வந்து நின்ற இடத்துக்குக் கீழே தேடுவது. ஸ்கீ கழன்ற இடத்தில் நின்றுவிட்டிருக்கும், நீங்கள்தான் அதைத் தாண்டி உருண்டிருப்பீர்கள். மேலே ஏறுங்கள், உங்கள் உடம்பு பனியில் முதன்முதலாகக் குழி பண்ணிய இடத்துக்கு. அங்கிருந்து கோலைச் சரிவுக்குக் குறுக்கே, பக்கவாட்டாகக் கத்தி மாதிரி இழுத்துக்கொண்டு வாருங்கள். மேலிருந்து கண்ட இடத்தில் குத்தினால் கோல் ஸ்கீக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும்தான் போகும். குறுக்கே இழுத்தால் எங்காவது 'டக்' என்று தட்டும். தேடத் தொடங்கும் முன் விழுந்த இடத்தில் மற்ற ஸ்கீயை நட்டு வையுங்கள். இல்லையென்றால் அதையும் தேட வேண்டிவரும்.

நிறைய ஆழம் உள்ள நாளில் பளிச்சென்ற ரிப்பன் ஒன்றைப் பைண்டிங்கில் கட்டி, மீதியைக் கால்சட்டையின் அடிப்பக்கத்துக்குள் செருகிவிடலாம். கழன்றால் ரிப்பன் பனிக்கு மேலே தெரியும். ஸ்கீயைக் காலோடு கயிற்றால் கட்டிவைக்கும் பழைய வழக்கம் மட்டும் வேண்டாம். விழும்போது அது சுழன்று உங்களையே அடிக்கும்.

மாட்ட முடியாததற்குக் காரணம் அநேகமாக உங்கள் பூட்ஸின் அடியில் இருக்கிறது. மிதிபட்ட பனி காலடியில் ஐஸாக ஒட்டிக்கொள்ளும், அரை சென்டிமீட்டர் இருந்தாலே பைண்டிங் பூட்டாது. அல்லது அதைவிட மோசமாக, பூட்டிய மாதிரி நடித்துவிட்டு அடுத்த திருப்பத்தில் கழற்றிவிடும். முதலில் இருக்கும் இடத்தில் ஸ்கீயை வைத்து அதன்மேலேயே மிதித்து ஒரு மேடை பண்ணுங்கள், சரிவுக்குக் குறுக்காக. பின்பக்கக் கட்டையைக் கீழே அழுத்தித் திறந்து, உள்ளே அடைந்திருக்கும் பனியை விரலால் தோண்டி எடுங்கள். பூட்ஸின் அடியைப் பைண்டிங்கின் முன்பகுதியில் உரசிச் சுரண்டுங்கள், கோல் முனையாலும் சுரண்டலாம். சுரண்டிய காலை மறுபடி பனியில் வைக்காமல் நேராக உள்ளே வையுங்கள். முன்விரல் முதலில், குதிகால் பிறகு. கீழ்ப்பக்க ஸ்கீயை முதலில் மாட்டினால் சறுக்கிப் போகாது.

எழுந்திருக்கவே முடியவில்லை என்றால் இரண்டு கோலையும் பெருக்கல் குறி மாதிரி பனிமேல் வைத்து, அவை சேரும் இடத்தில் கையை ஊன்றுங்கள். வெறும் கையை ஊன்றினால் தோள் வரை உள்ளே போகும், அடி தட்டுப்படாது.

கேள்வி: மரங்களுக்கு நடுவே பனி கலையாமல் இருக்கிறது. தனியாகப் போகலாமா?

பதில்: கூடாது. இந்தப் பதிலில் விளையாட்டு இல்லை.

தாழ்ந்த கிளைகள் உள்ள ஊசியிலை மரத்தைச் சுற்றி, கிளை குடை பிடிப்பதால், அடிமரத்தை ஒட்டிப் பனி இறுகாமல் பள்ளமாக இருக்கும். மேலிருந்து பார்த்தால் சமமாகத் தெரியும். அதில் தலைகீழாக விழுந்தால் மேலிருந்து பொடிப்பனி கொட்டி மூடும், கால் ஸ்கீயோடு மேலே மாட்டிக்கொள்ளும். அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த இரண்டு சோதனைகளில், தன்னார்வலர்களை வேண்டுமென்றே அப்படிப்பட்ட குழியில் வைத்தபோது பத்தில் ஒன்பது பேரால் தாங்களாக வெளியே வர முடியவில்லை. பாதுகாப்பு ஆட்கள் சுற்றிவரும், கயிறு கட்டிய எல்லைக்குள்ளேயும் இது நடக்கும்.

துணையோடு போங்கள். துணை என்றால் கீழே லிஃப்டில் காத்திருப்பவர் இல்லை, கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் இருப்பவர். மரங்களுக்குள் நுழையும் முன் கோலின் கைப்பட்டையைக் கழற்றிவிடுங்கள். கழுத்தில் ஒரு விசில் இருக்கட்டும். விழப்போகிறோம் என்று தெரிந்தால் கிளையையோ அடிமரத்தையோ கட்டிப்பிடியுங்கள், தலை மேலே இருந்தால் போதும். உள்ளே போய்விட்டால் உதறாதீர்கள், உதற உதறப் பனி கொட்டும். முகத்துக்கு முன்னால் கையால் மூச்சுக்கு இடம் பண்ணிக்கொண்டு கத்துங்கள். காப்பாற்றுகிறவர் காலைப் பிடித்து மேலே இழுக்கப் பார்க்கக் கூடாது, தலை எங்கே இருக்கிறது என்று பார்த்துப் பக்கவாட்டிலிருந்து தோண்ட வேண்டும்.

கயிற்றைத் தாண்டி வெளியே போவது வேறு கதை. பனிச்சரிவு பெரும்பாலும் 30 முதல் 45 பாகை வரையுள்ள சரிவில்தான் கழலும், நமக்கு ஆசை வருவதும் அதே சரிவில்தான். டிரான்ஸீவர் (புதைந்தவரைக் கண்டுபிடிக்கும் ரேடியோ கருவி), மண்வெட்டி, பனிக்குள் குத்தித் தேடும் நீளக்கோல் மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும், அவற்றைப் பயன்படுத்திப் பழகியிருக்கவும் வேண்டும். அகல ஸ்கீயில் நன்றாக ஓட்ட வந்துவிட்டது என்பது அங்கே போவதற்கான தகுதி இல்லை. எனக்கே அந்தத் துணிச்சல் ஸ்கீயை மாற்றிய அன்று மதியம் வந்தது, அதனால்தான் சொல்கிறேன்.

கேள்வி: ஒரே ஒரு ஜோடிதான் வைத்துக்கொள்ள முடியும். 110-க்கு மேல் வாங்கலாமா?

பதில்: போன பருவத்தில் கணுக்காலுக்கு மேல் புதுப்பனி இருந்த நாள் எத்தனை என்று விரல் விட்டு எண்ணுங்கள். ஒரு கை போதுமென்றால் வாங்காதீர்கள், அன்றைக்கு மட்டும் வாடகைக்கு எடுங்கள். ஒரே ஜோடி என்றால் 60 கிலோவுக்கு 95-இலிருந்து 100 வரை எனக்குச் சரியாகப் படுகிறது. இரண்டுக்கும் நடுவில் எதையும் பிரமாதமாகச் செய்யாது, எதிலும் கைவிடாது.

வாங்கியே தீருவேன் என்றால், பருவ முடிவில் வாடகைக் கடைகள் தங்கள் ஸ்கீகளை விற்பார்கள், அதைப் பாருங்கள். எட்ஜ் நெடுக நகத்தை ஓட்டினால் விரிசல் இருந்தால் தட்டும். அடிப்பாகத்தில் மேலோட்டமான கீறல் பரவாயில்லை, உள்ளே மரம் தெரிகிற குழி இருந்தால் வேண்டாம். பின்முனையின் அடுக்குகள் பிரிகின்றனவா என்று கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். பைண்டிங் பிரேக்கின் கைகள் இடை அகலத்தைவிடக் கொஞ்சம் அகலமாக இருக்க வேண்டும், ஒரு விரல் அகலத்துக்கு மேல் வெளியே நீட்டக் கூடாது. பைண்டிங் கழலும் அளவை முன்பு ஓட்டியவருக்கு வைத்தபடியே விட்டுவிடாதீர்கள். உங்கள் எடை, உயரம், வயது, ஓட்டும் விதம், பூட் அடியின் நீளம் எல்லாவற்றையும் சொல்லி, தெரிந்த மெக்கானிக்கிடம் புதிதாக வைத்துக்கொள்ளுங்கள். எடையைச் சொல்லும்போது மட்டும் ரெண்டு கிலோ குறைக்க வேண்டாம்.